ட்ரேட் ஆன பொருளை ஏழு நாள் நிறுத்தி வையுங்கள்: கேம் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கேமில் நடந்த ட்ரேட் மோசடியைப் பற்றி, அதாவது ஆட்டக்காரர்கள் கேமுக்குள் இருக்கும் பொருட்களை மாற்றிக்கொள்வதில் நடந்த ஏமாற்றைப் பற்றி, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புகார் டிக்கெட்டுகள் குவிந்திருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை ஒட்டி அனுப்பியதும் நீங்கள்தான். உறுதி செய்யும் முன் சரிபார்க்க வேண்டியது பயனரின் பொறுப்பாம்.

சரி, எங்கள் அணிப் பையன் எதைச் சரிபார்த்திருக்க வேண்டும்? இனி எங்கும் கிடைக்காத முதல் சீசன் ஹெல்மெட்டைக் கொடுத்து, அபூர்வமான பேட்டர்ன் (மேலே இருக்கும் வடிவமைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு) உள்ள கத்தி ஒன்றை வாங்க ஒப்புக்கொண்டான். எதிராளி முதலில் சரியான கத்தியைத்தான் வைத்தார். அப்புறம் கொஞ்சம் காயினும் (காசு கொடுத்து வாங்கும் கேம் பணம்) சேர்க்கிறேன் என்று சொல்லி அதை எடுத்துவிட்டு, அதே பெயர், அதே படம் உள்ள சாதாரணக் கத்தியை வைத்துவிட்டார். உங்கள் ட்ரேட் விண்டோவில் படம் கட்டைவிரல் நகம் அளவுதான். பேட்டர்ன் எண் மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் தெரியும், மொபைலில் உறுதி செய்யும் திரையில் அதுவும் கிடையாது. அவன் மொபைலில்தான் உறுதி செய்தான்.

இதைவிட வயிற்றெரிச்சல் அடுத்ததுதான். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனி எண் உண்டு, கைமாறிய வரலாறும் உண்டு. அந்த ஹெல்மெட் நாலைந்து அக்கவுண்ட் தாண்டி இப்போது உங்கள் மார்க்கெட்டிலேயே விற்பனைக்கு நிற்கிறது. எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது எல்லாம் தெரிகிறது, எடுத்துத் தர மட்டும் முடியாது. விற்றால் கமிஷன் உங்களுக்கு. திருட்டு நகைக்குத் தரகு வாங்குகிறவரை ஊரில் என்ன சொல்வார்கள் என்று நான் எழுதப் போவதில்லை.

தொலைந்ததற்குப் பதில் இன்னொன்றைத் தந்தால் எண்ணிக்கை கூடும், மற்றவர்களிடம் இருப்பதன் மதிப்பு குறையும் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் நாங்கள் நகலா கேட்டோம்? ட்ரேட் ஆன பொருளை ஏழு நாள் நிறுத்தி வையுங்கள், அதற்குள் புகார் வந்தால் திருப்பி விடுங்கள், அவ்வளவுதான். ஸ்டீம் என்ற கேம் தளத்தில் கவுண்ட்டர் ஸ்ட்ரைக் 2 கேமுக்கு 2025 ஜூலையிலேயே இது வந்துவிட்டது. வாங்கிய பொருளை 7 நாளுக்கு வேறு யாருக்கும் தள்ளிவிட முடியாது, அதற்குள் ட்ரேடைத் திருப்பிக்கொள்ளலாம். திருப்பியவருக்கு 30 நாள் ட்ரேடும் மார்க்கெட்டும் கிடையாது என்பதால் சும்மா விளையாட்டுக்கு யாரும் அந்த பட்டனைத் தொட மாட்டார்கள்.

தொழில்நுட்பம் இடம் தரவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காயின் இரட்டிப்பாகும் பிழை வந்தபோது ஒரே ராத்திரியில் எல்லாருடைய இன்வென்ட்டரியையும் (கையிருப்புப் பொருட்களையும்) பழைய நிலைக்குப் பின்னுக்கு இழுத்தவர்கள் நீங்கள். உங்கள் கல்லாவில் கை வைத்தால் முடிகிறது!

காயின் என்றதும் ஞாபகம் வருகிறது. எந்தக் காயின் பேக் வாங்கினாலும் எந்த ஸ்கின் (பொருளின் தோற்றத்தை மாற்றும் அலங்காரம்) விலைக்கும் சரியாகப் பொருந்தாது, எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், அதைப் பணமாக்கவும் வழியில்லை. காயின் விலைக்குப் பக்கத்தில் உண்மையான பண விலையையும் காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சிலேயே சொல்லிவிட்டன, உங்கள் கடையில் இன்னும் காணோம். விதிமுறையைத் திறந்தால் எந்தப் பொருளும் எங்களுக்குச் சொந்தமில்லை, பயன்படுத்த அனுமதி மட்டும்தானாம். விளம்பரத்தில் மட்டும் 'உங்கள் கலெக்‌ஷன்'.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான்: ட்ரேடுக்கு ஏழு நாள் அவகாசம், திருப்பும் வசதி. அதைச் செய்யும் வரை பேட்டர்ன் எண்ணையாவது மொபைல் திரையில் பெரிதாகக் காட்டுங்கள். 'தீர்க்கப்பட்டது' என்று மூடிய டிக்கெட்டுகளைத் தயவுசெய்து மறுபடி திறந்து, அந்த ஹெல்மெட் விற்றுப்போவதற்குள் லிஸ்டிங்கை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மார்க்கெட்டுக்கு ஒழுங்காகக் கமிஷன் கட்டும் ஒரு ஆட்டக்காரன்