என் கட்டுரை என் தளத்திலும் இருந்தால் யாருக்கு நட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பிதழுக்கு எழுதுவோருக்காக நீங்கள் வெளியிட்டுள்ள புதிய விதிமுறைகளைப் படித்தேன். உங்கள் இணையதளத்தில் வந்த கட்டுரையை, எழுதியவரே ஆனாலும் தன் சொந்தத் தளத்தில் மறுபடி போடக் கூடாது; போட்டால் அது ‘டூப்ளிகேட் கன்டென்ட்’ (ஒரே எழுத்தின் நகல்) ஆகிவிடும், கூகுள் இரண்டு தளங்களையும் தண்டிக்கும் என்று அதில் இருக்கிறது. விதி வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் அதற்குச் சொல்லியிருக்கும் காரணம் சரியில்லை.

நான் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. தாமிரபரணிக் கரையின் மருத மரங்கள், பொதிகை மலைச் செடிகொடிகள், கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகள் என்று உங்களுக்கும் வேறு சில இதழ்களுக்கும் பல வருடமாக எழுதிவருகிறேன். தம்பி மகன் எனக்கொரு சின்னத் தளம் அமைத்துக் கொடுத்திருக்கிறான். பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றிவருகிறேன். விளம்பரம் கிடையாது, வருமானமும் கிடையாது.

ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருந்தால் தண்டனை என்று ஒன்று இல்லை என்பதை 2008-லேயே கூகுள் தன் வலைப்பதிவில் தெளிவாக எழுதிவிட்டது. அடுத்தவர் எழுத்தை மொத்தமாக அள்ளிப்போட்டுத் தேடலை ஏமாற்றப் பார்க்கும் தளங்கள் மீதுதான் அது நடவடிக்கை எடுக்கிறது. மற்றபடி, ஒரே மாதிரியான பக்கங்களை ஒரு கட்டாகச் சேர்த்து, அதில் ஒன்றை மட்டும் தேடல் முடிவில் காட்டும். மற்றவை பின்னால் போய்விடும். அவ்வளவுதான். எதைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் நாலு பேர் இணைப்புக் கொடுக்கும் பெரிய நாளிதழ்த் தளத்துக்கும் என் குட்டித் தளத்துக்கும் போட்டி என்றால், பெரும்பாலும் பின்னால் போவது யார் என்று சொல்லவும் வேண்டுமா? அதில் எனக்கு வருத்தமில்லை. மாணவர்கள் கேட்டால் அனுப்ப ஓர் இணைப்பு வேண்டும், அது நாளைக்கும் திறக்க வேண்டும்.

ஏனென்றால் உங்கள் தளத்தில் இருப்பவை திறப்பதில்லை. தளத்தைப் புதுப்பித்தபோது பழைய இணைப்புகள் பல செத்துவிட்டன. மருத மரங்கள் பற்றிய என் கட்டுரையும் அதில் போனது. அதற்கும் முந்தையவற்றின் கதை வேறு. 2000-களின் தொடக்கத்தில் தமிழ் நாளிதழ்த் தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருவில் இயங்கின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை முழுக்க ரோமன் எழுத்தும் புள்ளியும் கோடுமாகத் தெரியும். தேடுபொறிக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதை நான் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் மாற்றிப் போட்டால், தேடுபொறியைப் பொறுத்தவரை அதுதான் முதல் பிரதி. எதற்கு அது நகல்?

இன்னொன்று, செடிகளின் பெயர்கள் மாறுகின்றன. கருவேல மரத்தை ‘அகேசியா நிலோட்டிகா’ என்று எழுதினேன். அன்றைக்கு அதுதான் சரி. அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே வைத்துக்கொள்வதென்று உலகத் தாவரவியலாளர்கள் 2005-இல் வியன்னாவில் முடிவு செய்தார்கள், 2011-இல் மெல்போர்னில் அது நிலைத்தது. நம் கருவேலம் இப்போது ‘வாச்செலியா நிலோட்டிகா’. சீமைக் கருவேலத்தையும் 2022-இல் ‘நெல்டுமா ஜூலிஃப்ளோரா’ என்று மாற்றிவிட்டார்கள். (பெயர் மாறியதால் கண்மாயை விட்டுப் போய்விடவில்லை.) அச்சில் வந்ததைத் திருத்த முடியாது. என் தளத்தில், கட்டுரைக்குக் கீழே புதிய பெயரைச் சேர்த்து, எப்போது ஏன் மாறியது என்றும் எழுதிவிடுகிறேன்.

சட்டத்தையும் பார்த்தேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நிருபர் எழுதியதற்குக்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இதழில் வெளியிடும் உரிமை மட்டுமே நிறுவனத்துடையது. மற்ற உரிமைகள் எழுதியவருக்கே. வெளியிலிருந்து எழுதும் என்னைப் போன்றவர்கள் உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால், 19-ஆம் பிரிவுப்படி எழுத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க முடியும். அதிலும் எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். சன்மானக் காசோலை வந்தால் கட்டுரை கைமாறிவிட்டது என்று அர்த்தமில்லை. அப்படிக் கையெழுத்து எதையும் நீங்கள் இதுவரை கேட்டதில்லை, நானும் போட்டதில்லை.

உண்மையில் நீங்களும் நானும் சேர்ந்து கவலைப்பட வேண்டியது வேறு ஆட்களைப் பற்றி. கூந்தன்குளம் கட்டுரை ஏதோ ஒரு சுற்றுலாத் தளத்தில் என் பெயரும் இல்லாமல், உங்கள் பெயரும் இல்லாமல் அப்படியே கிடக்கிறது. சுற்றிலும் ஓட்டல் விளம்பரம். அதை நீக்கச் சொல்லி கூகுளுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. நாளிதழ் கேட்டால் இன்னும் எளிதாக நடக்கும் என்பது என் எண்ணம். ஆனால் உங்கள் விதிமுறையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அச்சில் வந்து ஒரு மாதம் கழித்து, எழுதியவர் தன் தளத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று விதியை மாற்றுங்கள். முதலில் எந்த இதழில், எந்தத் தேதியில் வந்தது என்பதை மேலேயே போட்டு, உங்கள் பக்கத்துக்கு இணைப்பும் கொடுக்க நான் தயார். உங்கள் பக்கம்தான் மூலம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘கனானிக்கல்’ குறிப்பு 2009 முதல் இருக்கிறது. அதையும் சேர்க்கச் சொல்லிவிடுகிறேன். அது தேடுபொறிக்கு ஒரு பரிந்துரைதான், கட்டளையில்லை. அதுவும் போதாது என்று நினைத்தால், நீங்கள் சொல்லும் கட்டுரைகளுக்கு மட்டும் ‘நோஇன்டெக்ஸ்’ போட்டு என் பக்கம் தேடலிலேயே வராமல் செய்துவிடலாம். ஆனால் இதெல்லாம் உங்கள் இணைப்பு உயிரோடு இருக்கும்வரைதான். திறக்காத பக்கத்தை மூலம் என்று காட்டிக்கொண்டிருந்தால் தேடுபவருக்குக் கட்டுரை இரண்டு இடத்திலும் கிடைக்காமல் போகலாம். அதனால் அடுத்த முறை தளத்தை மாற்றும்போது, பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும்படி உங்கள் தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்லிவையுங்கள். மருத மரக் கட்டுரையின் பழைய முகவரியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருநெல்வேலி