குழாயைக் கழற்றிக்கொண்டு போனவருக்கு

ஊராருக்கும் உறவுகளுக்கும், இன்றுவரை பெயர் தெரியாத பலருக்கும் வணக்கம்.

மகளின் முதல் பிறந்தநாள் நேற்று நல்லபடியாக முடிந்தது. பந்தி ஓய்ந்ததும் எழுந்து நின்று எல்லோருக்கும் நன்றி சொல்வதாக இருந்தேன். முகப்பில் இருந்த முகங்களைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. ‘எல்லோரும் சாப்பிட்டுப் போங்கள்’ என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவியவர்களிடம் அப்படிச் சொன்னதற்காக என் தங்கை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே சொல்ல வந்ததை எழுதிவிடுகிறேன்.

போன தை மாதம் மகள் குறைமாதத்தில் பிறந்தபோது நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் மதுரையில் மருத்துவமனை வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள். மீதிப் பேர் நடுராத்திரியில் முதல் மணியிலேயே போனை எடுத்தவர்கள். அதற்குள் மறுபடி போய்வர எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

திருப்பத்தூர், மேலூர் வழியாக 108 வண்டியை ஓட்டிச் சென்றவர். பச்சிளம் குழந்தைகள் வார்டின் செவிலியர்கள். தாய்ப்பால் வங்கியில் தங்கள் பாலைக் கொடுத்துவிட்டுப் போன, நாங்கள் ஒருநாளும் பார்க்கப் போகாத தாய்மார்கள். சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் தூக்குச்சட்டியில் அனுப்பிக்கொண்டே இருந்த அடுத்த வீட்டு ஆச்சி. மாதம் தவறாமல் எடை பார்த்து, கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் எங்களைவிட அதிகம் மகிழ்ந்த அங்கன்வாடிப் பணியாளர். எங்கள் புள்ளிக்கு, அதாவது கோயில் கணக்கில் எங்கள் குடும்பத்துக்கு, உரிய வரியை எங்களிடம் சொல்லாமலே கட்டிவிட்ட பங்காளிகள். தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது. உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவோம். சிலரிடம் ஏற்கெனவே சொல்லி, ‘போதும், நிறுத்து’ என்று திட்டும் வாங்கியாகிவிட்டது.

ஒருவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவர் நம் ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் போடுபவர். நேற்று அழைத்திருந்தேன். தை மாதம் அவருக்குத் தொழில் மாதம். மஞ்சுவிரட்டுக்குச் செட் கட்டப் போய்விட்டார். தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் ‘பாப்பா எப்படி இருக்கிறது தம்பி?’ என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் எதையாவது சொல்லிக்கொண்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார். ஊர் முழுக்கப் படிக்கிற இடத்தில் எழுதினால் தப்பிக்க முடியாது அல்லவா?

மருத்துவர் முதலில் குறித்துக் கொடுத்திருந்த தேதி பங்குனியில். அவளோ தையிலேயே வந்துவிட்டாள். வார்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்தில்தான் அம்மனுக்குக் காப்புக் கட்ட நாள் குறித்திருந்தார்கள்.

அப்போது எங்கள் வீடு நடந்த விதமே வேறு. கங்காருப் பராமரிப்பு என்று செவிலியர் கற்றுக்கொடுத்திருந்தார்: சட்டையில்லாத மார்பில் குழந்தையை நிமிர்த்திச் சாய்த்து, துணியால் சேர்த்துக் கட்டிக்கொள்வது. இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில் 1978இல் தொடங்கிய முறை அது. பொகோட்டா மலைமேல் இருக்கும் குளிர்ந்த ஊர். காரைக்குடிப் பக்கத்துப் பங்குனிப் புழுக்கம் அங்கே யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. பகலில் மனைவி, இரவில் நான். வளவில், வீட்டின் உள்முற்றத்தில், தூணில் சாய்ந்து வேர்வையில் ஊறிக்கொண்டே மகளின் மூச்சைக் கவனித்தபடி இருப்பேன். கதவு சாத்தும் ஓசைக்கே இரண்டு கைகளையும் விரித்துத் திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் குடித்துக்கொண்டிருக்கும் பாலை விட்டுவிடுவாள்; பிறகு ஒரு சங்கு புகட்டுவதற்குள் விடிந்துவிடும். குக்கரைப் பின்கட்டின் கோடிக்குக் கொண்டுபோனோம். வாசல் மணியின் நாக்கைத் துணி சுற்றி வைத்தோம்.

திருவிழாப் பாட்டுக்கான ஒலிபெருக்கிக் குழாயோ ஆண்டுதோறும் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே உள்ள கம்பத்தில்தான் கட்டப்படும்.

விதி எனக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலத்தில் அரசு விரும்பினால் நள்ளிரவு வரை தளர்த்தலாம். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் சத்தம் 45 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பதே குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதைப் படித்தபோது, சட்டம் எழுதியவர்களும் ஒரு தொட்டிலை நினைத்திருப்பார்களோ என்று தோன்றியது. காவல் நிலையத்தில் ஒரு மனு கொடு என்று சிலர் சொன்னார்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் அம்மன் திருவிழாவில் குழாயை இறக்கியவன் என்ற பெயரோடு அதே தெருவில்தான் பிள்ளையை வளர்க்க வேண்டும். கமிட்டியிடம் வாய்விட்டுக் கேட்கவும் நா எழவில்லை. இரத்தம் கேட்டோம், பணம் கேட்டோம், கார் கேட்டோம், வேண்டுதல் கேட்டோம். இதற்குமேல் என்ன முகத்தோடு இதையும் கேட்பது?

காப்புக் கட்டுக்கு முந்தைய நாள் அவர் ஏணியோடு வந்தார். குழாயைக் கட்டி முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றார். தலைவாசலில் நின்றால் பின்கட்டு வரை நேராகத் தெரியும் வீடு எங்களுடையது. வளவுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகளைப் பார்த்து, ‘என்ன ஆச்சி, பொம்மைக்குத் தைத்ததா?’ என்று கேட்டார். செம்பைக் கொடுத்த என் அம்மா ‘பேத்திக்கு’ என்றார்கள். பேச்சு அவ்வளவுதான். குடித்து முடித்துச் செம்பைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார். வீட்டைப் பார்த்திருந்த குழாயை அவிழ்த்து ஊருணிப் பக்கம் திருப்பிக் கட்டினார். இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார். மனத்துக்குச் சரிப்படவில்லை போலிருக்கிறது. இன்னொரு முறை ஏறி, குழாயையே கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நடந்துவிட்டார். மகள் மார்பில் தூங்கிக்கொண்டிருந்ததால் என்னால் எழவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை.

திருவிழா முடியும்வரை விடியற்காலைப் பாட்டு எங்கள் வளவுக்குள் பக்கத்து ஊர்த் திருவிழா போலத்தான் வந்தது. அவள் தூங்கினாள். குடித்தாள். அம்மனை எடுத்துவந்தபோது வாசலில் நின்று கும்பிட்டோம்.

மீதிக் கதை மார்கழியில்தான் டீக்கடையில் தெரியவந்தது. மேலத் தெருவுக்கு ஏன் பாட்டுக் கேட்கவில்லை என்று கமிட்டியில் அவரை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். ‘ஒயர் போய்விட்டது, ஆள் வந்தால்தான் மாற்றலாம்’ என்றிருக்கிறார். முளைப்பாரி போனது, பால்குடம் போனது, அந்த ஆள் வரவே இல்லை. வேலை சுத்தமில்லை என்று பேசிய வாடகையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் நாலு பேர் முன்னால் வைத்துக் கடுமையாகப் பேசியும் இருக்கிறார். அப்போதும் எங்கள் வீட்டுப் பெயர் அவர் வாயில் வரவில்லை.

பெரிய உதவிகளை ஏற்றுக்கொள்ள அந்த மாதங்களில் பழகிவிட்டோம். கையைக் குவிப்போம், நோட்டில் குறித்துவைப்போம், பிறகு எப்படியாவது ஈடுசெய்வோம். இதை எந்தப் பக்கத்தில் குறிப்பது? கேட்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவர்களுக்கு, கேட்காமலே செய்துவிட்டு, அதற்காகத் திட்டும் வாங்கிக்கொண்டு, காசையும் இழந்துவிட்டு, பாப்பா எப்படி என்று மட்டும் விசாரிக்கிற மனிதர் அவர்.

பாப்பா நன்றாக இருக்கிறது அண்ணே. குறைமாதத்தில் பிறந்தவள் என்பதால் செவித்திறனைத் தனியாகச் சோதித்தார்கள், குறையில்லை என்றார்கள். நான் அதை முழுதாக நம்பியது மார்கழி விடியலில். எங்கோ தூரத்துக் கோயில் குழாயில் பாட்டு எழும்பியதும், பாயில் எழுந்து உட்கார்ந்து அந்தத் திசையைப் பார்த்துக் கைகொட்டினாள். மாவில் திரி இழையை வைத்து ஏற்றி, எரிகிறபடியே வாயில் போட்டுக்கொள்ளும் எங்கள் வழக்கம் பிள்ளையார் நோன்பு. முந்தைய நோன்பில் அவள் ஆத்தா வயிற்றுப் பிள்ளைக்கென்று கூடுதலாக ஓர் இழை எடுத்துக்கொண்டாள். இந்த நோன்புக்கு அந்தப் பிள்ளை மடியில் உட்கார்ந்து, எரிகிற இழையைத் தானே பிடுங்கப் பாய்ந்தது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தும் அடங்கவில்லை.

‘ஒரு வயதாகிவிட்டதே, இன்னும் நடக்கவில்லையா?’ என்று நேற்றும் சிலர் கேட்டீர்கள். அக்கறைதான், தெரியும். முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே வளர்ச்சியைக் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அவளுக்கு இன்னும் பத்து மாதம்தான். நிறைமாதப் பிள்ளைகளே எட்டு மாதத்திலிருந்து கிட்டத்தட்ட பதினெட்டு மாதம்வரை எப்போது வேண்டுமானாலும் தனியாக நடக்கத் தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் குழந்தையை நடந்துவரச் சொல்லி அழைக்கும் வருகைப் பருவத்தை ஓராண்டு நிறைந்த பிறகே வைத்தார்கள். புலவர்களுக்கு இருந்த பொறுமை சித்தப்பாக்களுக்கும் வேண்டும்.

இப்போது தேக்குத் தூணைப் பிடித்து எழுகிறாள். கையை விட்டு ஒரு கணம் நிற்கிறாள். தொப்பென்று உட்கார்ந்து தனக்குத்தானே கைதட்டிக்கொள்கிறாள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூக்களைப் பறித்துத் தரும்படி என்னிடம் சண்டை போடுகிறாள். அப்பாவை எங்கள் பக்கம் கூப்பிடும் ‘அப்பச்சி’ என்பது ‘அச்சி’ வரை வந்திருக்கிறது. கதவுகளை வேண்டுமென்றே அறைந்து சாத்துகிறாள். வாசல் மணியில் சுற்றிய துணியைப் போன வாரம் அவிழ்த்துவிட்டோம். இழுத்து இழுத்து அடிக்கிறாள்.

இனி பங்குனி விஷயம். மேலத் தெருவுக்கான செட் வாடகையை இந்த ஆண்டு முதல் எங்கள் புள்ளி ஏற்கிறது. போன ஆண்டு பிடித்த தொகையும் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதை நானே கொடுத்துவிடுகிறேன், கமிட்டிப் பெரியவர்கள் தடுக்காமல் இருந்தால் போதும். ஒயர் நன்றாகத்தான் இருந்தது. காப்புக் கட்டுக்கு முன்பே தெருத் தெருவாகப் போய், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்து அவரிடம் சொல்லும் வேலையும் என்னுடையது. கூச்சப்படுகிறவர்கள் யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை.

எங்கள் வாசல் கம்பத்தில் குழாயை வீட்டைப் பார்த்தே கட்டலாம். அவள் காத்திருக்கிறாள். இரவு பத்து மணிக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள் அண்ணே. விதியும் அதுதான், அவள் தூங்கும் நேரமும் அதுதான்.

அன்புடன்,
மேலத் தெரு அப்பச்சி