வரைபடத்துக்கு முன்னால் காணிக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போரில் அழிந்த நகரங்களைத் திட்டமிட்டு மீண்டும் கட்டுவது பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அகலச் சாலைகள், பூங்காக்கள், பழைய கட்டடங்களை அப்படியே எழுப்புவதா புதிய பாணியில் கட்டுவதா என்ற விவாதம் ஆகியவற்றை அது நன்றாகவே விளக்கியது. இடிந்த வீடு நின்ற மனை யாருடையது, அது அவருக்குத் திரும்பக் கிடைக்குமா என்பதை மட்டும் அது தொடவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நில அளவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று தோன்றுகிறது.

போலந்தின் தலைநகரான வார்சாவை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையால் தரைமட்டமாக்கப்பட்ட அதன் பழைய நகரை, 18ஆம் நூற்றாண்டு ஓவியர் பெல்லொட்டோவின் ஓவியங்களையும் துணையாகக் கொண்டு மீட்டெடுத்தார்கள். 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே வார்சாவில் 1945 அக்டோபரில் வந்த ஓர் ஆணை நகரின் நிலம் முழுவதையும் பொதுவுடைமையாக்கியது. திட்டமிடுவோர் கை அதனால் தடையின்றி ஓடியது உண்மை. ஆயினும் பழைய உரிமையாளர்களின் வாரிசுகள் என்று வந்தவர்களுக்கும், அவ்வீடுகளில் காலங்காலமாகக் குடியிருந்தவர்களுக்கும் இடையே எழுந்த வழக்குகள் எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்நகரின் அரசியலை உலுக்கின.

லெபனானின் தலைநகரான பெய்ரூட் வேறு வழியில் சென்றது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1994இல் தொடங்கப்பட்ட சொலிடேர் என்ற ஒரே நிறுவனத்திடம் நகரின் மையப்பகுதி ஒப்படைக்கப்பட்டது. மனைக்கு ஈடாக உரிமையாளர்களுக்கு அந்நிறுவனத்தின் பங்குகள் தரப்பட்டன. பளபளப்பான கடைவீதிகள் எழுந்தன. அங்கே முன்பு கடை வைத்திருந்த சாதாரண வணிகர் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. மனையைக் காகிதமாக மாற்றிக் கொடுப்பதை என்னால் மறுவாழ்வு என்று ஏற்க முடியவில்லை.

எனக்கு நியாயமாகப் படுவது ஜப்பானியர் கையாண்ட நில மறுசீரமைப்பு முறை. அதே உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான 115 நகரங்களை மறுகட்டுமானத்துக்கு உரியவை என்று அந்த அரசு அறிவித்தது. ஒரு பகுதியின் மனைகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து அளந்து, ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பங்கைச் சாலைக்கும் பூங்காவுக்கும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான வடிவில் அவரவருக்கே அதே பகுதியில் திருப்பித் தருவதே இம்முறை. நகோயாவின் நூறு மீட்டர் அகலச் சாலைகளும், கோயில்களின் இடுகாடுகள் கிழக்குப் புறநகருக்கு மாற்றப்பட்டதும் இவ்வாறு நடந்தவையே. இதிலும் குறை உண்டு. நிலமற்றவருக்கு இம்முறையில் இடமில்லை. ஹிரோஷிமாவில் ஆற்றங்கரைக் குடிசைகளில் தங்கியவர்களுக்கு மோத்தோமாச்சி அடுக்குமாடி வீடுகள் முழுமையாகக் கட்டி முடிய 1978 ஆயிற்று. நம் நாட்டில், போரால் அல்ல என்றாலும், 2001 நிலநடுக்கத்தில் சிதைந்த குஜராத்தின் பூஜ் நகரில் இதே வழி பின்பற்றப்பட்டது. சிறிய மனைகளில் குறைவாகவும் பெரிய மனைகளில் கூடுதலாகவும் நிலம் கழிக்கப்பட்டது. ஆளுக்கு ஆறங்குலம் விட்டுக்கொடுக்கச் சொன்னாலே எல்லைக் கல்லைப் பிடுங்கி எறியும் ஊர்களில் வேலை பார்த்தவன் என்பதால், இதைச் செய்து முடித்த அளவர்களை நினைத்து வியக்கிறேன்.

இவை அனைத்துக்கும், யாருக்கு எவ்வளவு இருந்தது என்ற பதிவு வேண்டும். அந்த இடத்தில்தான் இந்தப் பேச்சு நம் மாவட்டங்களுக்குள் வருகிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அணைக்கட்டுகளை ஒட்டியும் பிற இடங்களிலும் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில், சொந்த ஊரில் காணி, அதாவது நிலம், வைத்திருந்த குடும்பங்கள் பல இருக்கின்றன. சிலரிடம் காணி உறுதி (நிலப் பத்திரம்) இருக்கிறது. படகில் வந்த பலரிடம் அதுவும் இல்லை. இந்திய அரசு இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தவணையாகப் பணம் கொடுத்து, வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளும்படி செயல்படுத்திய வீட்டுத்திட்டம் மிக நல்லது. என்றாலும் காணிக்கு ஆதாரம் காட்ட முடிந்தவருக்கே அது எளிதாகக் கைக்கு எட்டியது. யாழ்ப்பாணப் பகுதியிலுள்ள வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் வசம் போன காணிகள் போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் துண்டு துண்டாகத்தான் விடுவிக்கப்பட்டன.

இலங்கைச் சட்டப்படி பிறர் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். போரால் ஊரை விட்டுப் போனவர்கள் இதனால் காணியை இழக்கக் கூடாது என்பதற்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது நடைமுறையில் இருந்ததோ இரண்டு ஆண்டுகள் மட்டுமே. ஊத்தங்கரைப் பக்கத்திலோ பாலக்கோட்டுப் பக்கத்திலோ முகாமில் இருப்பவர், அதற்குள் கிளிநொச்சி நீதிமன்றத்தில் எப்படி வழக்குத் தொடுத்திருக்க முடியும்?

எனவே தமிழக அரசின் மறுவாழ்வுத் துறையிடம் ஒரு வேண்டுகோள். முகாம்தோறும் ஒரு வருவாய் அலுவலரையும் ஒரு நில அளவரையும் அனுப்பி, ஒவ்வொரு குடும்பமும் விட்டுவந்த காணியின் நான்கெல்லை, பக்கத்துக் காணிக்காரர் பெயர், கிணறு, பனை, ஒழுங்கை (சந்து), கோயில் ஆகியவற்றை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதி, கைவரைபடத்துடன் சான்றளித்து, ஒரு படியைக் குடும்பத்திடமும் மற்றொன்றைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திடமும் கொடுக்க வேண்டும். எல்லை தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். ஓய்வு பெற்ற அளவர்கள் சிலர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர்,
கிருஷ்ணகிரி.