சாவுக்கு கிடைக்கிற பரோல் ஸ்கூல் அட்மிஷனுக்கு ஏன் கிடைக்கல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஒரு வாசகர், கொலை பண்ணிட்டு உள்ள போனவனுக்கெல்லாம் எதுக்கு பரோல், ஜெயில் என்ன ஆபீஸா லீவு போடன்னு காட்டமா எழுதியிருந்தாரு. என் தம்பி புழல்ல ஆயுள் கைதி. அவன் பண்ணது சரின்னு நான் சொல்ல வரல. ஆனா பரோல்ல வந்தா தண்டனை குறையுதுன்னு நிறைய பேர் நெனச்சுக்கறாங்க, அது கிடையாதுங்க, வெளில இருந்த நாள் கணக்குல கழியாது, 2023ல சுப்ரீம் கோர்ட் ஒரு கோவா கேஸ்ல அதை தெளிவாவே சொல்லிடுச்சு.

தமிழ்நாட்டுல இதுக்கு 1982லயே விதி போட்டிருக்காங்க. வீட்ல சாவு, சீரியஸ், கல்யாணம்னா அவசர விடுப்பு. அது இல்லாம சாதாரண விடுப்புன்னு ஒண்ணு இருக்கு, அதுல என்னென்ன காரணம் போட்டிருக்காங்கன்னு வக்கீல் படிச்சு காட்டினப்போ எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. குடும்பத்தோட பொழப்புக்கு ஏற்பாடு பண்ண, புள்ளைங்கள ஸ்கூல் காலேஜ்ல சேர்க்க, வீட்டை ரிப்பேர் பண்ண, பாகம் பிரிக்க, வயல் வேலைக்குன்னு எல்லாமே இருக்கு. எழுதினவங்க குடும்பம்னா என்னன்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க.

நடக்கறது வேற. எங்கப்பா செத்தப்போ சாயங்காலத்துக்குள்ள தம்பிய போலீஸ் காவலோட கொண்டு வந்துட்டாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா தம்பி பையன ஆறாவது சேர்க்கணும்னு ஏப்ரல்ல குடுத்த மனுவுக்கு, ஸ்கூல் தொறந்து பசங்க பரீட்சையே எழுத ஆரம்பிச்சப்புறம்தான் விசாரணைக்கே வந்தாங்க. வந்ததும் எப்படி? யூனிஃபார்ம்ல, பைக்ல, தெருவுல நின்னுகிட்டு எதிர் வீட்லயும் கீழ் வீட்லயும் "இவரு வந்தா உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா"ன்னு கேட்டுட்டு போயிட்டாங்க. தம்பி பொண்டாட்டி எக்ஸ்போர்ட் கம்பெனில தைக்கப் போற பொண்ணு, புருஷன் வெளியூர்ல இருக்காருன்னு சொல்லி வாடகைக்கு புடிச்ச வீடு அது. ஹவுஸ் ஓனர் ரெண்டே நாள்ல அட்வான்ஸை திருப்பி குடுத்துட்டாரு. பையன் கூட விளையாடற பசங்களையும் உள்ள கூப்டுகிட்டாங்க. புள்ளைய ஸ்கூல்ல சேர்க்க மனு போட்டு, இருந்த வீடும் போச்சு, சென்னைல இன்னொரு வீடு புடிக்கறது என்ன பாடுன்னு உங்களுக்கே தெரியும். விசாரிக்க வேணாம்னு சொல்லல, விசாரிக்கணும், ஆனா மஃப்டில வந்து நாலு பேருக்கு கேக்காம விசாரிக்க முடியாதா?

கொலையானவங்க குடும்பத்து கிட்டயும் கேக்கட்டும், அவங்க இருக்கற ஏரியா பக்கமே வரக்கூடாதுன்னு கண்டிஷன் போடட்டும், யாரும் மறுக்கல. ராஜீவ் காந்தி கொலை கேஸ்ல ஆயுள் தண்டனைல இருந்த நளினிக்கு 2019ல மக கல்யாண ஏற்பாட்டுக்காக ஹைகோர்ட் ஒரு மாசம் குடுத்தப்போ வேலூர்லயே தங்கணும்னு சொல்லித்தான் விட்டாங்க, அவங்களும் தங்கிட்டு திரும்பி உள்ள போனாங்க. அதே கேஸ்ல பேரறிவாளனுக்கு 1991ல புடிச்சு மொத பரோல் கிடைச்சது 2017ல, அதுவும் அப்பா உடம்பு முடியாம கிடந்ததால. ஊருக்கே பேர் தெரிஞ்சவங்களுக்கே இந்த கதைன்னா வக்கீல் வைக்க வழியில்லாத குடும்பம் என்ன பண்ணும்.

அதே 2017ல ராஜஸ்தான் கேஸ் ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் சொன்னது, நன்னடத்தையா இருந்தா கைதியும் கொஞ்ச நாளாவது வெளிக்காத்து வாங்கணும், குடும்ப உறவு அறுந்து போகக்கூடாதுன்னு. நம்ம ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் 2022ல, தாம்பத்தியத்துக்குன்னு லீவை அடிப்படை உரிமையா கேக்க முடியாது, ஆனா குழந்தை இல்லாதவங்க ட்ரீட்மெண்ட்டுக்கு விதிப்படி கேக்கலாம்னு சொல்லிச்சு. பஞ்சாப்ல அதே வருஷம் ஜெயிலுக்குள்ளயே புருஷன் பொண்டாட்டி தனியா சந்திக்க ரூம் ஒதுக்கினாங்க. நான் அவ்ளோ தூரம் போகல. இருக்கற 1982 விதியை அதுல எழுதியிருக்கற மாதிரி நடத்துங்கன்னுதான் கேக்கறேன். அட்மிஷனுக்குன்னு மனு குடுத்தா அட்மிஷன் முடியறதுக்குள்ள பதில் வரணும். தர முடியாதுன்னாலும் பரவால்ல, ஏன்னு காரணம் எழுதி கையில குடுங்க, மேல கோர்ட்டுக்கு போகவாவது அந்த பேப்பர் வேணும்ல.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வியாசர்பாடி, சென்னை