கண் அழுத்தம் 'நார்மல்' என்றால் கவலை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண் பரிசோதனை முகாம்களில் அழுத்தம் மட்டும் பார்த்து, 21-க்குக் கீழே இருந்தால் 'நார்மல்' என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தச் சீட்டை நம்பி, கண் டாக்டரிடம் போவதையே பலர் விட்டுவிடுகிறார்கள். பார்வை நரம்பு மெல்லத் தேய்ந்து பார்வை பறிபோகும் நோயான குளுக்கோமா விஷயத்தில் இது மிகவும் ஆபத்தானது.

21 மி.மீ. பாதரசம் என்பது நோய் தொடங்கும் இடம் அல்ல. மக்களின் சராசரி அழுத்தம் 16-ஐ ஒட்டியிருப்பதால், பெரும்பாலோர் இதற்குள் அடங்குவர் என்று கணக்கிட்டு வைத்த எல்லை அது. 24 இருந்தும் பார்வை நரம்பு கெடாதவர்கள் உண்டு. 16-லேயே நரம்பு தேய்பவர்களும் உண்டு.

அழுத்தம் கூடியிருந்தும் நரம்பு கெடாத 40 முதல் 80 வயது வரையிலான 1,636 பேரை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாண்டுகளில் அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்து போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் குளுக்கோமா வந்தது. அழுத்தம் 1 மி.மீ. கூடினால் அபாயம் சுமார் 10 சதவீதமும், வயது பத்து ஆண்டு கூடினால் சுமார் 22 சதவீதமும் ஏறியது. இவை ஒன்றையொன்று பெருக்கும். மற்ற எல்லாம் சமமாக இருந்தால், 45 வயதில் 22 உள்ளவரைவிட 65 வயதில் 27 உள்ளவருக்கு ஏறக்குறைய 2.4 மடங்கு அபாயம்.

கண்ணின் முன்புறத் தெளிவான படலமான கார்னியாவின் கனத்தையும் விட்டுவிடக் கூடாது. அதே ஆய்வில், கார்னியா 40 மைக்ரான் (0.04 மி.மீ.) மெலிந்திருந்தால் அபாயம் 70 சதவீதம் கூடியது. மெலிந்த கார்னியாவில் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பது தனிச் சிக்கல். கார்னியாவை லேசரால் செதுக்கிப் பார்வையைச் சரிசெய்யும் லேசிக் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். காற்றடிக்கும் கருவியில் பார்க்கும்போது கண்ணை இறுக்கினாலோ மூச்சை அடக்கினாலோ எண் கூடிவிடும். ஆகவே இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், கார்னியாவைத் தொட்டு அளக்கும் கோல்ட்மேன் கருவியில் உறுதி செய்ய வேண்டும். ஒரே நாளிலேயே அழுத்தம் ஏறி இறங்கும் என்பதால், அளந்த நேரத்தையும் குறிக்க வேண்டும்.

கண்ணுக்குள்ளேயே ஒரு நீர் ஊறி வடிகிறது; அது கண்ணீர் அல்ல. வயதானால் அந்த நீர் வடியும் சல்லடைத் திசு சரியாக வேலை செய்வதில்லை. நரம்பின் தாங்கும் சக்தியும் குறைகிறது. லென்ஸ் தடித்து, அந்த நீர் வடியும் கோணத்தை அடைப்பது இன்னொரு வகைக் குளுக்கோமா. அதை, அந்தக் கோணத்தைத் தனி லென்ஸ் வைத்துப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி செய்தால்தான் கண்டுபிடிக்க முடியும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருந்துக் கடையில் தாமாக வாங்கி வாரக்கணக்கில் போடுபவர்களுக்கு எந்த வயதிலும் அழுத்தம் ஏறலாம்.

தமிழகத்தின் தென் மாவட்டங்களில் 40 வயதைக் கடந்தோரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கோணக் குளுக்கோமா (கோணம் அடைபடாமலே வரும் வகை) இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தமக்கு நோய் இருப்பதே தெரியாது. வலி கிடையாது, ஓரப் பார்வைதான் முதலில் போகும். போன பார்வை திரும்புவதும் இல்லை.

எனவே முகாம் நடத்துவோருக்கு எங்கள் வேண்டுகோள்: 40 வயதைத் தாண்டிய எவரையும் பார்வை நரம்பைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். நரம்பின் குழி விகிதம் (நரம்பு வட்டில் நடுக்குழி எவ்வளவு பங்கு என்ற அளவு) இரு கண்ணுக்கும் 0.2 அளவுக்கு வேறுபட்டாலே, நரம்பு இழைகளின் கனத்தை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும், ஓரப் பார்வையைச் சோதிக்கும் பீல்டு டெஸ்ட்டும் எடுக்க அனுப்ப வேண்டும். சீட்டில் இரு கண் அழுத்தம், அளந்த நேரம், கருவியின் பெயர், குழி விகிதம், முடிந்தால் கார்னியா கனம் ஆகியவற்றை எழுதுங்கள். நோய் உறுதியானவரின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அபாயம் பல மடங்கு அதிகம். அவர்களையும் அழைத்து வரச் சொல்லி, அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

கண் பரிசோதனைப் பணியாளர்கள் சிலர்,
மதுரை.