அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு, வணக்கம்.

உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று முதல் பாடத்திலேயே கட்டம் போட்டுவிடுகிறீர்கள். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இப்படியொரு முறை மனிதனுக்கு ஏன் தேவைப்பட்டது என்பது மட்டும் அந்தக் கட்டத்துக்குள் அகப்படுவதில்லை.

கேள்வி கேட்பது புதிதல்ல. இடி ஏன் இடிக்கிறது, நிலா ஏன் தேய்கிறது என்று எல்லாக் காலத்திலும் கேட்டிருக்கிறார்கள். பதிலும் கைவசம் வைத்திருந்தார்கள். பதில் பிசகானது என்றால் அதைக் கண்டுபிடிக்கத்தான் வழி தெரியவில்லை.

அழுகும் பொருளில் புழு தானாகவே பிறக்கிறது என்பது அரிஸ்டாட்டில் காலத்து நம்பிக்கை. கண்ணெதிரே நெளிகிறதே, பிறகென்ன சாட்சி? இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடிக்கு அது போதவில்லை. 1668-இல் வெளியிட்ட சோதனைகளில், இறைச்சித் துண்டுகளைக் குடுவைகளில் இட்டு, சிலவற்றைத் திறந்துவைத்தார். சிலவற்றை இறுக மூடினார். திறந்தவற்றில் மட்டுமே புழு வைத்தது. ஆனால், காற்றுப் புகாததால்தான் புழு பிறக்கவில்லை என்று வாதாட இன்னும் இடமிருந்தது. எனவே மெல்லிய வலைத்துணியால் மூடிப் பார்த்தார். காற்றுப் போகும், ஈ போகாது. ஈக்கள் துணியை மொய்த்தன, அதன்மேலேயே முட்டையிட்டன. உள்ளே இறைச்சி புழுவில்லாமல் அழுகியது.

என்னைக் கேட்டால், அறிவியல் அந்த இரண்டாவது மூடியில்தான் இருக்கிறது. ஆவல் தன் பதிலையே சந்தேகப்படத் துணிந்த இடம் அது.

இன்னொன்றையும் மறைக்காதீர்கள். செடிகளில் புடைக்கும் கட்டிகளுக்குள் இருக்கும் பூச்சிகளைச் செடியே உண்டாக்குகிறது என்று இதே ரெடி நம்பினார். அவையும் முட்டையிலிருந்து வருபவையே என்று இன்னொரு இத்தாலிய மருத்துவரான மால்பிகி பிறகு காட்டினார். நுண்ணுயிர்கள் தானாகப் பிறக்குமா என்ற வழக்கோ 1860-களில் லூயி பாஸ்டரின் வளைகழுத்துக் குடுவைச் சோதனைகள் வரை இழுத்தது. பெரியவர்களைப் பிழையே செய்யாதவர்களாகக் காட்டும் பாடம், கேட்கவந்த பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. (பயிற்சி வினாக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான் இருக்கவேண்டும் என்ற பிடிவாதம் வேறு.)

நான் கேட்பது பெரிய மாற்றமல்ல. அடுத்த பதிப்பில் ரெடியின் முதல் சோதனையோடு பக்கத்தை நிறுத்துங்கள். 'இந்த முடிவை நீ எப்படி மறுப்பாய்?' என்று கேட்டுப் பாதிப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். வலைத்துணி அடுத்த பக்கத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களைப் படித்து வளர்ந்த ஒரு வாசகர்