பொருள்: ஒவ்வொரு ஃபெயில்ஓவரிலும் விழும் பகிர்வு ஸ்டோரேஜ், மூடப்பட்ட என் டிக்கெட்டுகள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் ஏழாவது கடிதம். முந்தைய ஆறும் கிணற்றில் போட்ட கல்லாகவே கிடக்கின்றன.

எங்கள் ஆறு வெப் சர்வர்களும் உங்கள் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே பகிரும் ஸ்டோரேஜ்) வால்யூமைத்தான் மவுன்ட் செய்து, அதாவது இணைத்து, வைத்திருக்கின்றன. பயனர்கள் ஏற்றும் படங்கள், ஆவணங்கள் எல்லாம் அதில்தான். 17 நாட்களில் மூன்று முறை உங்கள் பக்கம் ஃபெயில்ஓவர் ஆகி, ஸ்டோரேஜை இயக்கும் கன்ட்ரோலர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியது. மூன்று முறையும் ஆறு சர்வரிலும் ஒரே நேரத்தில் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' பிழை. அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்யும்வரை ஒரு படம்கூடத் திறக்கவில்லை.

கன்ட்ரோலர் மாறும்போது எஃப்எஸ்ஐடியும் (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) மாறிவிட்டால், கிளையன்டான எங்கள் சர்வர் கையில் உள்ள பழைய ஹேண்டில் (ஃபைலைக் குறிக்கும் அடையாளம்) செல்லாமல் போய்விடும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஆட்களுக்குத்தான் ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் முறை நடந்தது நள்ளிரவு 2 மணிக்கு. 50 நிமிடம் லைனில் காத்திருந்தேன். கடைசியில் எடுத்தவர் சொன்னது: "என்எஃப்எஸ்னா அப்படித்தான் சார். ஒத்துவரலைன்னா லோக்கல் டிஸ்க்ல வச்சுக்கோங்க." ஒரு சர்வரில் ஏற்றிய படம் மற்ற ஐந்தில் தெரியாது என்பதால்தானே உங்களிடம் வந்தோம்! அதைச் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். அந்த அழைப்பின் பதிவைக் கேட்டுப் பாருங்கள். இருபது வருடமாக சர்வர் பார்க்கிறேன், என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

அதற்கு முன் பேசியவர் 'நோஏசி' என்ற மவுன்ட் ஆப்ஷனைப் போடச் சொன்னார். அது ஃபைலின் அளவு, தேதி போன்ற விவரங்களை நினைவில் வைக்கும் ஆட்ரிபியூட் கேஷை நிறுத்துவது. இந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போட்டதும் ஒவ்வொரு ஃபைல் சரிபார்ப்பும் நெட்வொர்க்கில் ஓடி, தளமே நத்தையாகிவிட்டது. இன்னொருவர் ஹார்ட் மவுன்டை 'சாஃப்ட்' ஆக்கச் சொன்னார். ஹார்ட் என்றால் உங்கள் ஸ்டோரேஜ் சர்வர் திரும்பும்வரை காத்திருக்கும். சாஃப்ட் என்றால் டைம்அவுட் ஆனதும் கைவிட்டுவிடும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். தெரிந்தும், வேறு வழியில்லாமல் ஓர் இரவு நம்பினேன். காலையில் பயனர்களின் ஆவணங்கள் பாதி பாதியாகக் கிடந்தன. நான்கு வருடம் சேர்த்த நல்ல பெயர் ஒரே இரவில் போய்விட்டது. அதற்கு என்ன ஈடு கொடுப்பீர்கள்?

டிக்கெட்டைத் திறந்தால் 'தீர்க்கப்பட்டது'. யார் தீர்த்தார்கள்?

தயவுசெய்து ஸ்டோரேஜ் தெரிந்த ஒரு பொறியாளரிடம் இதை ஒப்படையுங்கள். இரண்டு கன்ட்ரோலரிலும் எஃப்எஸ்ஐடி மாறாமல் இருக்கட்டும்; பராமரிப்பு என்றால் முன்கூட்டியே தகவல் வரட்டும். உங்களை விட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. ஆனால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், அடுத்து வருவது வக்கீல் நோட்டீஸ். மூன்று நாள் லாக் முழுவதும், உங்கள் ஊழியர் போனை வைத்த நேரம் உட்பட, என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
நான்கு வருட வாடிக்கையாளர், சர்வர் நிர்வாகி